ஒரே காவலுக்கு இரண்டு பேர்

அலையாத்திக் காடு கடலைத் தொடும் இடத்தில் ஓர் உப்பங்கழி இருந்தது. அதன் கரையில், ஒரு பெரிய சுரபுன்னை மரத்தின் பொந்தில், நெடுவாலன் என்ற சோலைபாடிப் பறவை குடியிருந்தான். கருத்த தலை, செம்பழுப்பு வயிறு, உடம்பைவிட நீளமான வால். அவன் வாயைத் திறந்து பாடினால் சேற்று நண்டுகள் தூக்கிய கொடுக்கை இறக்க மறந்து நிற்கும். தன் குரலின் பெருமை நெடுவாலனுக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அவன் மனைவி செம்மணி பொந்துக்குள் நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கழியில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. மனித வாடை பட்டதும் "டிட்டிட்டீ! ஆள் வருது! ஆள் வருது!" என்று ஊரைக் கூட்டுமே, அதே குருவிதான். முன்பெல்லாம் கழியைச் சுற்றி நாற்பது ஆள்காட்டிகள் இருந்தன. குடும்பத்துக்கு ஒன்று காவல் நிற்கும். இப்போது மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதனால் குஞ்சும் குட்டியும் பிறக்கும் காலத்தில் சேற்றுத் திட்டில் சபை கூடும். யாருக்கு ஆபத்து அதிகம் என்று சபை முடிவு செய்கிறதோ, அவருக்கு அந்தப் பருவம் முழுவதும் ஆள்காட்டி காவல்.

"இந்த வருஷம் நமக்குத்தான்! போட்டிக்கு எவன் வரப்போறான்?" என்று நெடுவாலன் வாலை நீவிவிட்டுக்கொண்டான்.

சபை கூடியது. தலைவர் மீசையார் என்ற நீர்நாய். அவர் தினமும் காலையில் நண்டு சாப்பிடுகிறவர். ஆகவே நண்டுகள் அவர் பேச்சை ஒருநாளும் மறுத்ததில்லை.

"ஆபத்துன்னு சொல்லிக்கிறவங்க முன்னால வாங்க!" என்றார் மீசையார்.

நெடுவாலன் தாழ்வான கிளையில் வந்து உட்கார்ந்தான். அதே சமயம் திட்டின் ஓரத்துத் தண்ணீர் விலகியது. மண்வெட்டியைக் குறுக்கே வைத்தது போல ஒரு தலை எழும்பியது. தலையின் இந்த முனையில் ஒரு கண், அந்த முனையில் ஒரு கண்.

மடவை மீன்கள் அலறின. "ஐயோ, கொம்பன் சுறா! கொம்பம்மா!"

"பயப்படாதீங்க. சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன்," என்றாள் கொம்பம்மா. "ரெண்டு நாளைக்கு முன்னால உள்வளைவுல குட்டி போட்டேன். ஒன்பது. அதுங்களுக்குத் தோல் கெட்டியாகற வரைக்கும் இந்த ஆள்காட்டி எனக்குக் காவல் இருக்கணும்."

நெடுவாலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கா? காவலா? உன் பல்லைப் பார்த்தா உன்கிட்ட இருந்துதான் எங்களுக்குக் காவல் வேணும்!"

சபை கொல்லென்று சிரித்தது. மீசையார் வாலால் சேற்றில் அடித்தார். "சிரிப்பு அப்புறம். ரெண்டு பேரும் அவங்க அவங்க கஷ்டத்தைச் சொல்லட்டும். நெடுவாலா, முதல்ல நீ."

நெடுவாலன் நெஞ்சை நிமிர்த்தினான். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால இந்தக் காட்டுல பதினொரு ஜோடி பாடினோம். இப்போ நாங்க ஒரு ஜோடிதான். மத்தவங்க எல்லாம் கூண்டுல! பாட்டுப் பிடிச்சிருக்குன்னுதான் பிடிச்சுட்டுப் போறாங்க. ஆசை வெச்சே எங்களை அழிக்கிறாங்க!"

"பாவம்!" என்றன நண்டுகள்.

"எங்க மேல யாரும் ஆசை வைக்கல," என்றாள் கொம்பம்மா. "எங்க கூட்டம் வந்தா இந்தக் கடல் ஒரு பக்கம் கறுத்துக் கிடக்கும். இப்போ நான் மூணு நாள் நீந்தினாலும் என் முகம் மாதிரி இன்னொரு முகத்தைப் பார்க்க முடியல. துடுப்பை மட்டும் அறுத்துக்கிட்டு மிச்சத்தைக் கடல்லயே தள்ளிடறாங்க. உயிரோடதான்."

நண்டுகளின் கொடுக்குகள் தானாகக் கீழே இறங்கின. நெடுவாலனுக்கே என்னவோ செய்தது. ஆனால் காவல் ஒன்றுதானே இருக்கிறது! அவன் சட்டென்று சுதாரித்துக்கொண்டான்.

"நீ எத்தனை வருஷம் இருப்பே?"

"முப்பது வருஷம் இருப்பேன்."

"பார்த்தீங்களா! எனக்கு ஏழு வருஷம் இருந்தாலே பெரிசு!"

"ஆனா உங்க இனம் பிறந்த அடுத்த வருஷமே முட்டை வைக்கும், தம்பி. நான் தாயாக பதினைஞ்சு வருஷம் ஆச்சு. அதுக்குள்ள எத்தனை வலை, எத்தனை தூண்டில்! தப்பிச்சு வந்தது நான் ஒருத்திதான்."

"நீ ஒன்பது குட்டி போட்டிருக்கே. எனக்கு நாலே முட்டை!"

"உனக்குப் பக்கத்துல பெண்டாட்டி இருக்கா. எனக்கு யாரு இருக்கா?"

"நான் உள்ளங்கை அளவு! ஒரு குச்சியில பசை தடவினா ஒட்டிக்குவேன்!"

"நான் பெரிசா இருக்கறதுதான் எனக்கு ஆபத்து. எங்கே ஒளிஞ்சுக்கறது, சொல்லு?"

இப்படி இவன் ஒன்று சொல்ல அவள் ஒன்று சொல்ல, நண்டுகளின் கண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி வலித்தன. சபை கொம்பம்மாவின் பக்கம் மெல்லச் சாய்வதை நெடுவாலன் கவனித்தான். இனிமேல் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. கண்ணை மூடினான். பாடினான்.

அடடா, அது என்ன பாட்டு! போய்விட்ட பத்து ஜோடிகளையும் ஒவ்வொருவராக அழைத்தான். கூண்டுக் கம்பியை எண்ணிக்கொண்டிருக்கும் தம்பியை அழைத்தான். நண்டுகள் தேம்பின. மீசையாரின் மீசையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் வழிந்தது.

"கொம்பம்மா, நீயும் ஏதாவது செய்யேன்," என்றார் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"எனக்குக் குரல் கிடையாது. அழுது காட்டலாம்னா கடல்ல அழுதா யாருக்குத் தெரியப்போகுது?"

ஓட்டெடுப்பு நடந்தது. எல்லாக் கொடுக்குகளும் நெடுவாலனுக்காக உயர்ந்தன. மடவை மீன்கள் இரண்டு முறை துள்ளின. "சுறா இல்லாம போனா நமக்கு நிம்மதிதான்!" என்று ஒரு கொழுத்த மடவை காதுபடவே சொன்னது.

கொம்பம்மா கோபப்படவில்லை. "தம்பி, காவல் உனக்கே இருக்கட்டும். தண்ணிப் பக்கமும் ஒரு கண்ணு வைக்கச் சொல்லேன். அது போதும்."

ஜெயித்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. "அதெல்லாம் முடியாது! என் மரத்துக்கும் உன் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்? உன் பாட்டை நீ பார்த்துக்கோ!"

அவள் தலையை அமிழ்த்திக்கொண்டாள்.

நெடுவாலன் ஆள்காட்டியை மரத்துக்குப் பின்னால் மேட்டில் நிறுத்தினான். "கேட்டுக்கோ. கூண்டுக்காரங்க காட்டுப் பாதையிலதான் வருவாங்க. பாதையை மட்டும் பாரு. தண்ணிப் பக்கம் திரும்பவே கூடாது!"

"சரிங்க!" என்றது ஆள்காட்டி. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அதற்கு நிகர் அதுதான். ஆறு நாள் அது கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

ஏழாம் நாள் காலை. தண்ணீர் முழுக்க ஏறியிருந்தது. செம்மணி பொந்துக்குள் இருந்து கூப்பிட்டாள். "முட்டைக்குள்ள கீச்சு சத்தம் கேக்குது! இன்னிக்குப் பொரிச்சுடும்!"

நெடுவாலன் மகிழ்ச்சி தாங்காமல் உச்சிக் கிளைக்குப் போனான். பாட வாயெடுத்தவன் அப்படியே நின்றான்.

கடல் வழியாக ஒரு சின்னத் தோணி வந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு ஆட்கள். கழியின் வாயில் தோணியை நிறுத்தினார்கள். இந்தக் கரையில் ஒரு கம்பை ஊன்றினார்கள். அதில் வலையைக் கட்டி, அந்தக் கரையை நோக்கி மெல்ல விரித்துக்கொண்டே போனார்கள்.

நெடுவாலனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வலை கரைக்குக் கரை நின்றுவிட்டால், தண்ணீர் வற்றும்போது உள்ளே இருப்பது எதுவும் வெளியே போக முடியாது. உள்வளைவில் கொம்பம்மாவின் குட்டிகள் ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்பது சின்னத் துடுப்புகள்.

மேட்டில் ஆள்காட்டி பாதையைப் பார்த்தபடி சிலையாக நின்றது.

அவன் ஓசைப்படாமல் பொந்துக்குத் திரும்பினான்.

"ஏன் பாட்டை நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள் செம்மணி.

"ஒண்ணுமில்லை."

"முகமே சரியில்லையே. என்ன?"

அவன் சொன்னான். "அவங்க தோணி மூக்குல ஒரு கூண்டு தொங்குது, செம்மணி. நான் வாயைத் திறந்தா நம்மளும் மாட்டிக்குவோம். சுறா விஷயம் நமக்கு எதுக்கு? நம்ம மரத்துக்கும் அவ தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"

செம்மணி முட்டைகளை விட்டு எழவில்லை. அங்கிருந்தே கேட்டாள். "நம்ம மரத்தோட வேர் எங்கே நிக்குது?"

நெடுவாலன் கீழே குனிந்து பார்த்தான். சுரபுன்னையின் வேர்கள் அத்தனையும் தண்ணீருக்குள் நின்றன. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபேச்சுப் பேசாமல் வெளியே பறந்தான்.

கழியின் மேலே பறந்துகொண்டே தொண்டை கிழியக் கத்தினான். "கொம்பம்மாக்கா! வலை! வலை!"

குட்டிகள் விளையாடிக்கொண்டேதான் இருந்தன. தண்ணீருக்கு மேலே போடும் சத்தம் அடியில் கிடப்பவளுக்கு எங்கே கேட்கும்? கேட்டது தோணிக்காரர்களுக்குத்தான்.

"அண்ணே, கேட்டியா? சோலைபாடி!"

"கேட்டேன்டா. அந்தப் பெரிய மரத்துலதான். முதல்ல வலையை முடிப்போம். அப்புறம் அதைப் பார்த்துக்கலாம்."

சபையையே அழவைத்த குரல் இப்போது உதவவில்லை. நெடுவாலன் தவித்தான். வலை பாதிக் கழியைத் தாண்டிவிட்டது. அப்போதுதான் நண்டுகள் பயந்து பயந்து பேசிக்கொள்ளும் ஒரு விஷயம் அவன் நினைவுக்கு வந்தது. மணலுக்கடியில் புதைந்து கிடக்கும் திருக்கையின் நெஞ்சுத் துடிப்பைக்கூட அந்த அகலத் தலையால் அறிந்துவிடுவாளாம் கொம்பம்மா!

யோசித்தால் பயம் வந்துவிடும். அவன் யோசிக்கவில்லை. நேராகக் கீழே இறங்கி, தாழ்ந்த வேரொன்றைக் காலால் பற்றிக்கொண்டு, கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கினான். அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அடிக்கட்டும், இன்னும் பலமாக அடிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு பெரிய நிழல் தண்ணீர் மட்டத்துக்கு எழும்பி அவனை நோக்கி வந்தது. வாய் பாதி திறந்திருந்தது.

"அக்கா! நான்தான்! நெடுவாலன்!"

வாய் மூடியது. "நல்லவேளை வாயைத் திறந்தே. ஏதோ காயம்பட்ட குஞ்சு மீன்னு நினைச்சேன். பறவைக்குத் தண்ணியில என்ன வேலை?"

"கழி வாசல்ல வலை கட்டறாங்க! இன்னும் கொஞ்சம்தான் இடம் இருக்கு! குட்டிகளைக் கூட்டிக்கிட்டு ஓடுங்க!"

கொம்பம்மா நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்று நெடுவாலனுக்கும் தெரியும். அவள் ஒரு சுற்றுச் சுழன்றாள். ஒன்பது குட்டிகளும் அவள் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டன. தோணிக்கும் அந்தக் கரைக்கும் நடுவே மிச்சமிருந்த இடைவெளியில், அடிச்சேற்றோடு சேறாக, அத்தனை பேரும் வெளியேறினார்கள். அடுத்த நிமிஷம் வலை அந்தக் கரையைத் தொட்டது.

"போயிட்டாங்க!" என்று நெடுவாலன் துள்ளப் பார்த்தான். முடியவில்லை. இறகெல்லாம் நனைந்து ஊறிப்போயிருந்தது. சிறகை அடித்தால் தண்ணீர்தான் தெறித்தது. உடம்பு எழவே இல்லை. அவன் வேரின் மேல் தத்தித் தத்தி ஏறி உட்கார்ந்தான்.

தோணி அவனை நோக்கித் திரும்பியது.

"அண்ணே, அதோ வேர்ல! நனைஞ்ச துணி மாதிரி உக்காந்திருக்கு!"

"சத்தம் போடாதே. ஜோடியும் பொந்துல இருக்கும். ரெண்டையும் எடுத்துடலாம்."

ஒருவன் பசை தடவிய நீளக் கோலை நீட்டினான். இன்னொருவன் கூண்டின் கதவைத் திறந்துவைத்தான். மேலே பொந்துக்குள் கீச்சென்று ஒரு சின்னக் குரல் கேட்டது. முதல் குஞ்சு பொரித்துவிட்டது. நெடுவாலனுக்கு ஓடத் தோன்றவில்லை. பொந்துக்கும் கோலுக்கும் நடுவே போய் நின்றுகொண்டான்.

"என்னைத் தாண்டிப் போங்கடா பார்க்கலாம்!" என்று கத்தினான்.

கோல் அவன் நெஞ்சுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தபோது, தோணிக்கு அடியிலிருந்து "டம்!" என்று ஒரு முட்டு விழுந்தது. தோணி ஒருக்களித்தது. இன்னொரு "டம்!" தோணி குப்புறக் கவிழ்ந்தது. இரண்டு பேரும் இடுப்பளவுச் சேற்றில் விழுந்து எழுந்தார்கள். எழுந்தவர்கள் முன்னால் அந்தத் தலை நின்றது.

"சுறா! ஐயோ, கொம்பன் சுறா!"

கோலையும் போட்டார்கள், கூண்டையும் போட்டார்கள். சேற்றில் விழுந்து புரண்டு கரையேறி, காட்டுப் பாதையில் தலைதெறிக்க ஓடினார்கள்.

ஏழு நாளாகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள்காட்டிக்கு ஒருவழியாக வேலை வந்தது. "டிட்டிட்டீ! ஆள் வருது! ஆள் வருது!" என்று ஆவேசமாகக் கத்தியது. பிறகு உற்றுப் பார்த்துவிட்டு, "இல்லையில்லை, ஆள் போகுது!" என்று திருத்திக்கொண்டது.

நெடுவாலனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அக்கா! நீங்கதான் தப்பிச்சுட்டீங்களே! ஏன் திரும்பி வந்தீங்க? எப்படி வந்தீங்க?"

"வலைக்கு மேல ஒரு தாவு. கடல் ஆழத்துல இருந்து ஓடி வந்து தாவினேன். வேற வழி தெரியல," என்றாள் கொம்பம்மா. அவள் வயிற்றில் வலைக்கயிறு உரசிய கோடு சிவந்திருந்தது. "கடல்ல அழுதா யாருக்கும் தெரியாதுன்னு அன்னிக்குச் சொன்னேன் இல்லையா? நீ என் தண்ணியில இறங்கிப் பயந்தே, தம்பி. எனக்குத் தெரிஞ்சுதே! அந்தத் துடிப்பைத் தலையில வெச்சுக்கிட்டு நான் எப்படிப் போவேன்?"

நெடுவாலன் வேரிலிருந்து அவள் பக்கம் குனிந்தான். அப்போதுதான் அவன் கழியைப் பார்த்தான். தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. வாசலில் வலை அப்படியே நின்றது. தாவி வருவதற்கு வெளியே ஆழம் இருந்தது. தாவிப் போவதற்கு உள்ளே ஆழம் இல்லை. ஒரு மணி நேரத்தில் கொம்பம்மா வெறும் சேற்றில் கிடப்பாள். வெளியே ஒன்பது குட்டிகள் காத்திருந்தன.

"அழாதே," என்றாள் அவள். "அழறதுக்கு நேரமில்லை. பாடு!"

நெடுவாலன் பாடினான். இந்த முறை தன் துயரத்தைப் பாடவில்லை. ஒரே ஒரு சேதியைத்தான் திரும்பத் திரும்பப் பாடினான். "வலையை வெட்டுங்க! வலையை வெட்டுங்க!"

பொந்துகளிலிருந்து நண்டுகள் எட்டிப் பார்த்தன. மீசையாரும் வந்தார். "வெட்டறதா? சுறாவுக்காகவா? வெட்டினா நாளைக்கு மறுபடி வருவாளே," என்று மீசையைத் தடவினார்.

வலைக்குள் மாட்டிய கொழுத்த மடவை அங்கிருந்து அலறியது. "ஐயா, வெட்டச் சொல்லுங்கய்யா! நாங்களும் உள்ளேதான் இருக்கோம்!"

"நீதானே சுறா இல்லாம போனா நிம்மதின்னே?"

"அது அன்னிக்கு!"

நெடுவாலன் மீசையாரின் முன்னால் வந்து நின்றான். "அன்னிக்கு எல்லாரும் எனக்காகக் கொடுக்கைத் தூக்கினீங்க. இப்போ அதே கொடுக்கை இவங்களுக்காக இறக்குங்க. நான் கேக்கறேன்."

மீசையார் அவனைப் பார்த்தார். நனைந்து, சிலிர்த்து, பாதி வால் சேறாக நின்றிருந்தான். சபையில் பாடியபோது இருந்த பகட்டு எதுவும் இல்லை. "வெட்டுங்கடா!" என்றார்.

மீசையார் சொல்லி நண்டுகள் மறுத்ததுண்டா? நூற்றுக்கணக்கில் இறங்கின. வலையின் அடிக்கயிற்றை நறுக் நறுக்கென்று நறுக்கின. தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்தபோது வலை கிழிந்து விழுந்தது. மடவைகள் முந்திக்கொண்டு ஓடின. கொம்பம்மா வயிறு சேற்றில் உரச, ஒரு நெளிப்பு, இன்னொரு நெளிப்பு, கடைசியாக ஒரு பெரிய நெளிப்பு நெளிந்து கடலுக்குள் போனாள். ஒன்பது சின்னத் துடுப்புகள் அவளைச் சூழ்ந்துகொண்டன.

அன்று மாலைக்குள் நான்கு முட்டைகளில் மூன்று பொரித்தன. மூன்றுக்கும் முதல் நாளிலேயே தொண்டை அப்பனைப் போலத்தான் இருந்தது.

அடுத்த வருஷமும் சபை கூடியது. தோணிக்காரர்கள் விட்டுப்போன கூண்டு சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. அதற்குள் ஒரு நண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மீசையார் தொண்டையைச் செருமினார்.

"ஒரு காவல்தான் இருக்கு. யாருக்கு ஆபத்து அதிகம்? நெடுவாலா, நீ சொல்றியா? கொம்பம்மா, நீ சொல்றியா?"

நெடுவாலனும் கொம்பம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதை நாங்க அளக்கறதை விட்டுட்டோம்," என்றான் நெடுவாலன். "தண்ணிக்கு மேல வர்றதை அக்காவுக்காக நான் பார்த்துக்கறேன். அவங்களைக் கூப்பிடணும்னா வேரைப் பிடிச்சு நெஞ்சை நனைச்சா போதும். கடல் வழியா தோணி வந்தா எனக்காக அவங்க பார்த்துக்குவாங்க. ஆள்காட்டியை வேற யாருக்காவது கொடுங்க. பாவம், அது கழுத்தையும் கொஞ்சம் திருப்பட்டும்!"

ஆள்காட்டி ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகத் தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தது. "அடேயப்பா, இங்கே கடல் இருக்கா!" என்றது.

உன் துயரம் பெரிதா, என் துயரம் பெரிதா என்று அளந்துகொண்டிருப்பவர்களை ஆபத்து தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் துயரத்துக்கு மற்றவர் காவல் நின்றால் இருவருமே பிழைப்பார்கள்.